உப்பில்லாத அகப்பை

எந்தக் காலம் என்று மட்டும் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. ராசாக்கள் தெருவில் இறங்கி நடந்த காலம், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் நெடும்பொழில் என்று ஒரு சின்ன நாடு இருந்தது. அதை ஆண்டவன் பெயர் குணவழகன். தங்கமான மனசு. ஆனால் எதையும் அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு, ஆணையை மட்டும் முழுசாகப் போட்டுவிடுவான். சிரிக்காதீர்கள், நம்மிலும் அப்படி ஆள் உண்டு.

நெடும்பொழிலில் மூன்று வருஷம் மழை பொய்த்தது. முதல் வருஷம் குளம் வற்றியது. இரண்டாம் வருஷம் கிணறு வற்றியது. மூன்றாம் வருஷம் அழுவதற்குக் கண்ணீர்கூட வற்றிவிட்டது.

ராசா தன் களஞ்சியத்தைத் திறந்துவிட்டான். கோட்டை வாசலில் பெரிய பெரிய அண்டாக்களை ஏற்றி, வந்தவர்க்கெல்லாம் கஞ்சி ஊற்றச் சொன்னான். மகராசன், அதற்காக அவனை வாழ்த்தத்தான் வேண்டும்.

ஒருநாள் அவன் மாடத்தில் நின்று பார்த்தான். ஏழைகளில் சிலர் பாதிக் கஞ்சியைக் குடித்தார்கள். மீதியைக் கொட்டாங்கச்சியில் ஊற்றி, சிந்தாமல் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

"ஏன் இப்படிச் செய்கிறார்கள்?" என்று மந்திரி திருமேனியாரிடம் கேட்டான்.

"வீட்டில் நாய், பூனை, ஆடு, கோழி என்று ஏதாவது வைத்திருக்கிறார்கள், பிரபு. தங்கள் வயிற்றைக் காயப்போட்டு அதுகளுக்கு ஊற்றுகிறார்கள்."

ராசாவுக்கு மனசு இளகிப்போயிற்று. இளகின மனசோடு கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. உடனே முரசு அறையச் சொல்லிவிட்டான்.

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது! வளர்ப்பு உயிர் வைத்திருக்கும் ஏழைகள் அதை அரண்மனைக் கொட்டிலில் விட்டுவிட வேண்டும். அங்கே அதற்குக் குறைவில்லாமல் தீனி கிடைக்கும். விட்டவர்க்கு மட்டுமே இனிக் கஞ்சி!"

நல்லதுதானே செய்தோம் என்று ராசா நிம்மதியாகத் தூங்கினான்.

மறுநாள் அண்டாவில் கஞ்சி மிஞ்சியது. அடுத்த நாள் இன்னும் மிஞ்சியது. அதற்கடுத்த நாள் ஓர் அண்டா தொடாமல் அப்படியே இருந்தது. கொட்டிலிலோ ஒரு கோழிக்குஞ்சுகூட வந்து சேரவில்லை. ராசா என்ன நினைத்தான் தெரியுமா? "ஆகா! கஞ்சி மிஞ்சுகிறது என்றால் பசி தீர்ந்துவிட்டது. பஞ்சம் ஒழிந்தது!" என்று குதித்தான். மந்திரியும் "ஆமாம் பிரபு" என்றார். ஆமாம் சாமி போடுவதற்கு என்ன செலவு?

பசி தீர்ந்த மக்களின் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டு, மந்திரியோடு ஊர்க்கோடிக்கு நடந்தான் ராசா.

முதல் குடிசையில், கால் விளங்காத ஓடக்காரன் ஒருவன் புளியங்கொட்டையை மென்று, பாதியைத் தன் சேவலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். இரண்டாம் குடிசையில், படுத்த படுக்கையாய்க் கிடந்த ஒருத்தி தலைக்கு மேல் தாழ்ந்திருந்த கூரையிலிருந்து ஓலையை உருவி ஆட்டுக்குட்டிக்கு நீட்டிக்கொண்டிருந்தாள். ராசாவின் முகத்தில் சிரிப்பு செத்தது.

மூன்றாம் குடிசை பூவாயியுடையது. கூடை முடைந்து பிழைத்தவள். அம்மை நோயில் கண் இரண்டும் போய்விட்டது. அவள் பக்கத்தில், விலா எலும்பு தெரிய, செவலை என்று ஒரு நாய் படுத்திருந்தது. காலடிச் சத்தம் கேட்டதும் அது எழுந்து குரைக்கப் பார்த்தது, முடியவில்லை. பூவாயி சட்டென்று உலக்கையைத் தூக்கிக்கொண்டு வாசலை மறித்து நின்றாள்.

"எவன்டா அது? செவலையைப் பிடிக்க வந்தியா? ஓர் எட்டு வெச்சே, மண்டை பிளந்துரும்!"

நாடாளும் ராசா இரண்டு எட்டுப் பின்னால் போனான். மந்திரி நாலு எட்டு.

"பயப்படாதே அம்மா, நான் வழிப்போக்கன்" என்றான் ராசா. "நாயை அரண்மனையில் விட்டால் பாலும் சோறும் போடுவார்களாமே. விட்டுவிடக் கூடாதா?"

"போடுவாங்க, யாரு இல்லேன்னா? ஆனா இடி இடிச்சா இது என் முந்தானைக்குள்ள வந்து நடுங்கும். அங்க யாரு முந்தானைக்குள்ள போகும்?"

"பதிலுக்கு உனக்கு வேறொரு நல்ல நாய் கொடுத்தால்?"

"ஏன்யா, உன் பிள்ளையைக் குடுத்துட்டு வேற நல்ல பிள்ளை வாங்கிக்குவியா?"

"இப்படியே இருந்தால் நீ செத்துப்போவாய், அம்மா."

பூவாயி உலக்கையைத் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

"சாவேன். தனியாச் சாகமாட்டேன்ல?" என்றாள். "அம்மையில என் புருஷன் போனான், பெத்த ரெண்டும் போச்சு. ஊரே பயந்து ஒதுங்குச்சு. அவங்களைக் குத்தம் சொல்லலை. ஆனா நான் கண்ணு அவிஞ்சு கெடந்தப்ப என் மூஞ்சியை நக்கி, எழுந்திரு எழுந்திருன்னு எழுப்புனது இந்தச் சீவன்தான். கஞ்சிக்காக இதை விட்டுட்டா, அப்புறம் அந்தக் கஞ்சி எனக்கு எதுக்கு?"

ராசா ஓர் எட்டு முன்னால் வந்தான். "அம்மா, அந்த ஆணையைப் போட்ட மடையன் நான்தான்" என்றான்.

பூவாயி பதறி உலக்கையைக் கீழே போட்டாள். அவளை உட்காரச் சொல்லிவிட்டு, ராசா அங்கேயே ஆணையை மாற்றினான். இனி யாரும் எந்த உயிரையும் விடவேண்டாம். வளர்ப்பு உயிர் உள்ளவர்க்கு அகப்பை ஒன்று கூடுதல். நடக்க முடியாதவர்க்கு வண்டியில் கஞ்சி போகும்.

மந்திரிக்குப் பொறுக்கவில்லை. "பிரபு, ஊரே பொய் சொல்லும். எலிக்குஞ்சு இல்லாதவன் யானை வளர்க்கிறேன் என்பான். உயிர்களைத் தினமும் கொண்டுவந்து காட்டச் சொல்லலாம்."

"கண்ணில்லாதவளும் கால் விளங்காதவனும் எப்படிக் கொண்டுவந்து காட்டுவார்கள்?" என்றான் ராசா. ஆனாலும் களஞ்சியத்தில் நெல் குறைவு என்பது அவனுக்கும் தெரியும். விழித்தான்.

பூவாயி சிரித்தாள். "இதுக்கா ராசா இம்புட்டு யோசனை? நாய்க்கு உப்பு ஆகாது, முடி கொட்டிப் போகும். ஆட்டுக்கும் கோழிக்கும் உப்பில்லாட்டி ஒண்ணுமில்லை. கூடக் குடுக்கிற அகப்பையை உப்புப் போடாத அண்டாவுல மோந்து ஊத்துங்க. உப்பில்லாக் கஞ்சியைப் பொய் சொல்லி எவன் வாங்குவான்?"

மந்திரி விடவில்லை. "அப்படியும் ஒருவன் வாங்கினால்?"

"வாங்கட்டுமே சாமி. உப்பில்லாத கஞ்சியைப் பொய் சொல்லி வாங்கிக் குடிக்கிறவன், வேற எதுல பொய் சொன்னாலும் பசியில பொய் சொல்லலையே."

மந்திரி வாயை மூடிக்கொண்டார். வாயைத்தான் மூடினார், மனசை மூடவில்லை. பிடித்துக் காட்டுகிறேன் பார் என்று மறுநாளே அண்டா பக்கத்தில் வந்து நின்றார்.

அன்று இரண்டு அண்டாக்கள் கொதித்தன. ஒன்றில் உப்பு உண்டு, மற்றதில் இல்லை. ஓடக்காரன் வீட்டுக்கு வண்டி போனது, ஆட்டுக்குட்டிக்காரி வீட்டுக்குப் போனது, பூவாயி வீட்டுக்கும் போனது. பூவாயி முதல் வாயைத் தான் குடிக்கவில்லை. செவலை நக்கிக் குடிக்கிற சத்தத்தைக் காதால் கேட்டுக்கொண்டு, கை கூப்பி உட்கார்ந்திருந்தாளாம்.

வரிசையில் ஒருவன் வந்தான். சாயக்காரன், பெயர் முத்தையன். "வீட்டில் ஒரு பூனை இருக்கு" என்று சொல்லி உப்பில்லாத அகப்பையும் வாங்கிக்கொண்டான். அவனிடம் பூனையும் இல்லை, ஒன்றும் இல்லை. மந்திரிக்கு அது தெரியும். மெல்லப் பின்னால் போனார். முத்தையன் மதில் மறைவில் உட்கார்ந்து, முதலில் உப்புள்ளதைக் குடித்தான். பிறகு உப்பில்லாததையும் முகம் சுளிக்காமல் மடமடவென்று குடித்தான். கலயத்தை விரலால் வழித்து அந்த விரலையும் நக்கினான்.

"அகப்பட்டாயா!" என்று கத்த வாயெடுத்தார் மந்திரி. கத்த முடியவில்லை. அவர் பிறந்ததிலிருந்து பசியை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை, பாவம். அன்றுதான் பார்த்தார். விடுவிடுவென்று மடைப்பள்ளிக்கு ஓடினார், ஒரு கை உப்பை அள்ளிக்கொண்டு வந்தார்.

"நாளைக்கும் வா தம்பி" என்று முத்தையனின் கையில் வைத்தார். "பூனை இருக்கிறது என்று சொல்லவேண்டாம். பசிக்கிறது என்று சொல், போதும்."

நாலாம் வருஷம் மழை வந்தது. சும்மா வரவில்லை, கொட்டித் தீர்த்தது! வயல் விளைந்தது. பூவாயி செவலையின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அரண்மனைக்கு வந்தாள். ஓடக்காரன் சேவலோடு வண்டியில் வந்தான். ஆட்டுக்குட்டி பெரிய ஆடாகி, படுக்கையை விட்டு எழுந்தவளை இழுத்துக்கொண்டு வந்தது.

"ராசா, நீ நல்லா இருக்கணும்" என்றாள் பூவாயி. "என் வயித்துக்கு ஊத்தினதுக்கு ஒரு கும்பிடு. என் செவலையை என்கிட்டயே விட்டதுக்கு ஒம்பது கும்பிடு."

ராசா சிங்காதனத்தை விட்டு இறங்கினான். "நான்தான் அம்மா உங்களைக் கும்பிட வேண்டும். கொடுப்பது எப்படி என்று எனக்குக் காட்டினீர்களே" என்று அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். செவலை ராசாவின் காலை நக்கியது. காவலர் தடுக்க வந்தார்கள். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றான் ராசா.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று உலகம் சொல்லும். நெடும்பொழில் மக்களோ, உப்புப் போடாமல் ஓர் அகப்பை ஊற்றியவனை உயிருள்ளவரை நினைத்தார்கள்.

ஆகையால் மக்களே, ஓர் ஏழையைக் காப்பாற்ற நினைக்கிறவர், அந்த ஏழை உயிராக நினைக்கும் உயிரையும் சேர்த்தே காப்பாற்ற வேண்டும்.