கூடை மாட்டிய இடம்

ஒரு காட்டில் நான்கு கல்லூரிகள் இருந்தன. காட்டில் ஏது கல்லூரி என்று சிரிக்காதீர்கள், குழந்தைகளே. குட்டிகள் வளர்ந்து கொஞ்சம் கொழுப்பு ஏறியதும் அவற்றை எங்காவது பிடித்து உட்கார வைக்க வேண்டாமா? குரங்குகளுக்குக் கிளைக் கல்லூரி, மான்களுக்குப் புல்வெளிக் கல்லூரி, முயல்களுக்குப் புதர்க் கல்லூரி, அழுங்குகளுக்குப் புற்றடிக் கல்லூரி. நான்கும் கூடைப்பந்து ஆடுவதற்காக ஒரு சங்கம் வைத்திருந்தன. அதன் பெயர் நாற்கல்லூரிக் கூட்டமைப்பு.

அழுங்கைப் பார்த்திருக்கிறீர்களா? உடம்பெல்லாம் செதில், நீள நாக்கு, தின்பது எறும்பு. தொட்டால் சுருண்டு உருண்டையாகிவிடும். குணம் பொறுமை. நடையைப் பற்றிச் சொன்னால் அதற்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்தக் காட்டிலேயே மெதுவான நடை அதனுடையதுதான்.

ஆண்டுதோறும் பௌர்ணமியன்று போட்டி இலுப்பைத் திடலில் நடக்கும். அந்த இடத்தை முதன்முதலில் தேர்ந்தெடுத்தவர்கள் அறிவுள்ளவர்கள். மானைக் கேட்கவில்லை, குரங்கைக் கேட்கவில்லை. அழுங்கு விடியலில் புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் எங்கே போய்ச் சேருமோ, அங்கே திடலை அமைத்தார்கள். மற்றவர்களுக்கு அது கூப்பிடு தூரம்தானே!

இன்னொரு வழக்கமும் இருந்தது. பிரம்பில் பின்னிய கூடை ஒன்றுதான். ஜெயித்த அணி அதைத் தன் கல்லூரிக்கு எடுத்துப் போகும். மறு ஆண்டு அந்த அணியே கால்நடையாகக் கொண்டுவந்து மரத்தில் மாட்டும். வேறு யாரும் அதைத் தூக்கக் கூடாது. அதை மாட்டிய இடம்தான் திடல். கூடை மாட்டும்வரை பந்தைத் தொடவும் கூடாது. பந்து என்றால் விளாங்காய்.

போன ஆண்டு அந்தக் கூடையை அழுங்குகள் ஜெயித்தன. எத்தனையோ ஆண்டு தோற்றபிறகு முதல் வெற்றி. அணித் தலைவி சுருளி மழைக்காலம் முழுவதும் யோசித்துக் கண்டுபிடித்த உத்தி அது. விளாங்காய் கையில் கிடைத்ததும் அதன்மேல் சுருண்டுகொள்ள வேண்டியது. குரங்கு கிள்ளும், மான் முட்டும், முயல் கத்தும். ஒன்றும் நடக்காது. எல்லாம் களைத்து மூச்சு வாங்கும்போது மெல்லப் பிரிந்து, மரத்தில் ஏறி, கூடையில் போட்டுவிட்டு இறங்கி வரவேண்டியது. பார்க்க அழகான ஆட்டம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் புற்றடிக் கல்லூரியில் அன்று எறும்புகளைத் தவிர எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்ததில் மண்ணைப் போட்டது யார்? நரிதான். அது கூட்டமைப்பின் செயலாளர். வாழ்நாளில் ஒரு நாளும் பந்தைத் தொட்டதில்லை. போட்டிக்கும் கடைசியில், விருந்து பரிமாறும் நேரத்துக்குத்தான் வரும்.

அந்த நரி, ஆறு கடலில் சேரும் கழிமுகத்துக்கு மூன்று முறை போய்வந்தது. ஒவ்வொரு முறையும் வாயில் மீன் வாடை. நான்காம் முறை திரும்பியதும் கூட்டம் கூட்டியது. போட்டிக்கு இன்னும் பத்தே நாள் இருந்தது.

கூட்டமைப்பு விரிவடையப் போகிறது என்று நரி அறிவித்தது. உச்சிமலை வரையாடுகளும் கழிமுகத்து நாரைகளும் இனி உறுப்பினர்கள். அப்படியானால் ஆறு கல்லூரிகள் ஆயிற்றே, பெயர் என்ன என்று ஒரு முயல் கேட்டது. பெயர் நாற்கல்லூரிதான், அதை மாற்ற வேண்டியதில்லை என்றது நரி. எண்ணத் தெரியாதவர்கள் கையில் சங்கம் போனால் இப்படித்தான்.

புதியவர்கள் வருவதில் சுருளிக்கு வருத்தமில்லை. ஆடுவதற்கு ஆள் கூடினால் நல்லதுதானே என்று முதலில் வாலைக்கூடத் தட்டியது. அடுத்த அறிவிப்பில்தான் அதன் செதிலெல்லாம் சிலிர்த்தது. இந்த ஆண்டு போட்டி இலுப்பைத் திடலில் இல்லையாம். கழிமுகத்திலாம். அங்கே ஆயிரக்கணக்கான பறவைகள் வேடிக்கை பார்க்க வருமாம். விருந்துக்கு மீன் உண்டாம்.

சுருளி எழுந்து நின்றது. "கழிமுகம் எவ்வளவு தூரம்னு யாராவது அளந்து பார்த்தீங்களா?"

"அளக்காமலா? நம்ம காக்கா அளந்துட்டு வந்திருக்கு" என்றது நரி.

காகம் தொண்டையைச் செருமிக்கொண்டது. விடியற்காலையில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றும், வழியில் மேடுபள்ளம் எதுவும் தன் கண்ணில் படவில்லை என்றும் சொன்னது.

"உனக்கு எப்படிப் படும்? நீ பறந்து போனே" என்றது சுருளி. "எங்களுக்கு அது பன்னிரண்டு நாள் நடை. நடுவுல ரெண்டு ஆறு. போட்டிக்குப் பத்து நாள்தான் இருக்கு. இப்பவே இந்த இடத்துலேருந்து ஓடினாலும் நாங்க போய்ச் சேர முடியாது."

"சீக்கிரம் நடக்கப் பழகிக்கோம்மா" என்றது நரி. பல்லெல்லாம் தெரிந்தது. பிறகு கூட்டமைப்பின் தலைவரான யானையின் பக்கம் திரும்பி, "ஐயா, இன்னொரு விதி. கூடை மாட்டும் நேரத்துல யாரா இருந்தாலும் திடல்ல இருக்கணும். இல்லாதவங்க கூட்டமைப்புலயும் இல்லை. அந்த இடத்தைக் கூழைக்கடாப் பறவைகளுக்குக் குடுத்துடலாம், அவங்க ரொம்ப நாளாக் கேட்கறாங்க" என்றது.

அப்போதுதான் சுருளிக்கு முழுதும் விளங்கியது. தூரம் யாருக்கும் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் செய்கிறார்கள். போன ஆண்டு ஜெயித்த அணியை, கழுத்தைப் பிடித்துத் தள்ளாமல், இடத்தை நகர்த்தியே வெளியே தள்ளுகிறார்கள்.

அது மான்களைப் பார்த்தது. மான்கள் புல்லைப் பார்த்தன. அவற்றுக்கு இரண்டு நாள் ஓட்டம்தான். குரங்குகள் புது ஊர் பார்க்கும் குஷியில் இருந்தன. கஷ்டப்பட்டாலும் போய்விடலாம் என்று முயல்கள் தமக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன. எத்தனை ஆண்டு சேர்ந்து ஆடியவர்கள்! ஒருவர் வாயிலிருந்தாவது ஒரு சொல் வரவேண்டுமே. வரவில்லை. வெட்கக்கேடு.

"ஐயா, நீங்க தலைவர். நீங்களாவது சொல்லுங்க" என்று சுருளி யானையிடம் கேட்டது.

யானை நல்லவர்தான். ஆனால் தலைவலி பிடிக்காத நல்லவர். காதை ஆட்டிக்கொண்டே, "எல்லாரும் சம்மதிச்சுட்ட மாதிரி தெரியுதேம்மா" என்றார்.

"இந்த ஒரு விதிதான் புதுசு. மத்த வழக்கம் எல்லாம் அப்படியேதான் இருக்கும்" என்று நரி அவசரமாகச் சொன்னது. யானை ஈரமண்ணில் காலை ஊன்றி எடுத்தார். அந்தக் காட்டில் தலைவரின் கால்தடம் பதிந்துவிட்டால் அது சட்டம். போட்டி முடியும்வரை ஒரு வார்த்தையையும் மாற்ற முடியாது.

சுருளி வீடு திரும்பும் வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தது. வழியில் கிடைத்த எறும்புகளைக்கூடத் தொடவில்லை. கல்லூரிக்கு வந்ததும் அணியிடம் நடந்ததைச் சொன்னது. நான்கு ஆட்டக்காரர்களும் கொதித்துப் போனார்கள். விலகிவிடலாம் என்றது ஒன்று. போகிற வழியிலேயே செத்தாலும் சரி, புறப்படுவோம் என்றது இன்னொன்று.

 சுருளியின் கண் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பிரம்புக் கூடையின்மேல் விழுந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. மத்த வழக்கம் எல்லாம் அப்படியேதான் என்று நரி சொன்னதும், அதன்மேல் யானை கால் ஊன்றியதும் நினைவுக்கு வந்தன. கூடை மரத்தில் தானாகக் காய்க்கிறது என்று நரி நினைத்திருக்கும் போல. விருந்துக்கு மட்டும் வருகிறவனுக்கு வேறென்ன தெரியும்?

"பௌர்ணமியன்னிக்கு விடியல்ல புறப்படறோம், எப்பவும்போல" என்றது சுருளி. "அதுவரைக்கும் பயிற்சி."

பௌர்ணமி வந்தது. அழுங்குகள் ஐந்தும் கூடையை மாற்றி மாற்றி வாலில் மாட்டிக்கொண்டு, இலுப்பைத் திடலுக்குப் போகும் பழைய பாதையில் நடந்தன. உச்சிவெயில் நேரத்தில் காகம் மூச்சிரைக்க வந்து முன்னால் இறங்கியது. கழிமுகத்தில் ஐந்து அணிகளும் நிற்கின்றனவாம். பறவைக் கூட்டம் கத்துகிறதாம். கூடை மட்டும் இல்லையாம். அப்போதுதான் ஒரு குரங்கு, கூடை அழுங்குகளிடம் இருக்கிறதே என்று தலையில் அடித்துக்கொண்டதாம்.

"கூடையைக் குடுத்துடு. நான் தூக்கிட்டுப் போயிடறேன்" என்றது காகம்.

"ஜெயிச்ச அணிதான் கொண்டுவரணும், கால்நடையா. யானை ஐயா கால் வச்ச சட்டம் அது" என்றது சுருளி, நடையை நிறுத்தாமல்.

"அப்படின்னா சீக்கிரம் வாங்க."

"வர்றோம். பன்னிரண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் எல்லாரும் அங்கேயே நிக்கறதா இருந்தா நிக்கட்டும். இல்லைன்னா ஒண்ணு சொல்றேன், அப்படியே போய்ச் சொல்லு." சுருளி இப்போது நின்றது. பத்து நாள் அடக்கி வைத்திருந்த கோபம் குரலில் ஏறியது. "எங்களுக்குத் தேவை பன்னிரண்டு நாள். நீங்க குடுத்தது பத்து. மானுக்கும் குரங்குக்கும் திரும்பி வர ரெண்டு நாள் போதும். நாங்க மூணு நாள் தர்றோம். மூணாம் நாள் பொழுது சாயும்போது இலுப்பைத் திடல்ல கூடையை மாட்டுவோம். கூடை மாட்டின இடம்தானே திடல். அப்ப அங்க இல்லாதவங்க கூட்டமைப்புல இல்லை. நாங்க போட்ட விதி இல்லை அது."

காகம் சிறகை உதறிக்கொண்டது. பிறகு பறந்தது.

செய்தியைக் கேட்டதும் கழிமுகத்தில் முதலில் சிரிப்பு, அப்புறம் சத்தம், அப்புறம் ஓட்டம். போட்டியே நடக்காதோ என்ற பயம் வந்ததும் எல்லோருக்கும் பழைய திடலின் அருமை தெரிந்துவிட்டது. யானை முதல் ஆளாகத் திரும்பினார். மான்கள் ஓடின, குரங்குகள் தாவின, வரையாடுகள் பாறை பாறையாகக் குதித்தன. முயல்கள்தான் பாவம், வந்த களைப்பே தீராமல் நொண்டிக்கொண்டே திரும்பின. அழுங்குகளுக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று நடுவழியில் அவற்றுக்கு உறைத்திருக்க வேண்டும்.

நரி மட்டும் நகரவில்லை. ஒரு அழுங்கு சொல்லித் தான் ஓடுவதா என்று அதற்கு வீம்பு. நாணலில் புதுக் கூடை ஒன்று பின்னித் தரும்படி நாரைகளைக் கெஞ்சியது. நாரைகள் ஆட வந்தவை, சட்டம் மீற வந்தவை அல்ல. ஒரு நாள் பார்த்துவிட்டு அவையும் சிறகு விரித்தன. தனியாக நின்றபிறகுதான் நரிக்குப் பயம் பிடித்தது. மீன் தின்ற வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

மூன்றாம் நாள் பொழுது சாய்ந்தது. முயல்கள் திடலுக்குள் வந்து விழும்வரை சுருளி பாதையையே பார்த்துக்கொண்டு காத்திருந்தது. அப்புறம் மரத்தில் ஏறிக் கூடையை மாட்டியது.  மான்கள் இந்த முறை புல்லைப் பார்க்கவில்லை, வெட்கத்தோடு தரையைப் பார்த்தன.

முதல் ஆட்டம் பாதி நடந்திருக்கும். நரி நாக்குத் தொங்க வந்து சேர்ந்தது.

"வெளியே நில்லுப்பா. கூடை மாட்டியாச்சு" என்றார் யானை.

"ஐயா, அது அணிகளுக்குப் போட்ட விதி. நான் செயலாளர்."

"யாரா இருந்தாலும்னு சொன்னது நீதானே. நான் கால் ஊன்றும்போது காது கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்." யானை தலையைத் தாழ்த்திக்கொண்டார். "அன்னிக்கு வாயையும் திறந்திருக்கணும். அது என் தப்பு."

நரி சுற்றிலும் பார்த்தது. அதற்காகப் பேச ஒருவரும் எழவில்லை. வந்த வழியே திரும்பிப் போனது. விருந்துக்கு ஆள் ஒன்று குறைந்தது, அவ்வளவுதான்.

அந்த ஆண்டு அழுங்குகள் ஜெயித்தன என்று சொல்ல எனக்கும் ஆசைதான். இல்லை. வரையாடுகள் அவற்றைத் தோற்கடித்தன. சுருண்ட அழுங்கை அவை முட்டவில்லை, கிள்ளவில்லை. சும்மா பக்கத்தில் படுத்து அசைபோட்டன. அழுங்கு பிரிகிற நேரம் பார்த்து விளாங்காயைக் கவ்விக்கொண்டு குதித்தன. கூடை உச்சிமலைக்குப் போவதென்று ஆயிற்று. சுருளிக்கு வருத்தம்தான். என்றாலும் தானே மரத்தில் ஏறிக் கூடையைக் கழற்றி, வரையாட்டுத் தலைவனின் கொம்பில் மாட்டிவிட்டது.

வரையாடு உடனே கிளம்பவில்லை. தயங்கித் தயங்கி நின்றது.

"அடுத்த வருஷம் கூடையை எங்க கொண்டுவரணும்னு முடிவு பண்ணணும்" என்றது. "அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்கறேன், தப்பா நினைக்காதீங்க. உங்களால ஒரு பகல்ல எவ்வளவு தூரம் நடக்க முடியும்?"

இந்தக் கேள்வியை நரி கேட்கவில்லை, காகம் கேட்கவில்லை, கூடவே ஆடி வளர்ந்த மான்கூடக் கேட்கவில்லை. வந்து மூன்று நாள் ஆன ஒருவன் கேட்டான்.

"இவ்வளவு தூரம்தான்" என்றது சுருளி, திடலைக் காட்டி.

"அப்ப இங்கயே" என்றது வரையாடு.

நீதி: எல்லோரும் கூடும் இடத்தை முடிவு செய்ய, பறப்பவரைக் கேட்காதே, மெதுவாக நடப்பவரைக் கேள்.