பதினொன்றாவது பெயர்

"நாளைக்கு நான் கையெழுத்துப் போடணும்மா. போடலாமா, கூடாதா?" என்று கேட்டார் சீடர்.

சீடருக்கு அறுபது வயது. பெயர் தணிகாசலம். முப்பது வருடம் வாத்தியார் வேலை பார்த்தவர், இப்போது கல்விச் சீர்திருத்தக் குழுவின் தலைவர்.

குரு வீரக்காளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. கரட்டூர் தொடக்கப் பள்ளியில் சத்துணவு சமைத்துக்கொண்டிருந்தவர். போன வருடம் பள்ளியை மூடியதும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். பேச்சைக் குறைத்தால் போதும், நம் ஊரில் ஆட்கள் கும்பிட வந்துவிடுவார்கள்.

தணிகாசலம் விஷயத்தைச் சொன்னார். பிள்ளைகள் குறைந்த பள்ளிகளை மூடிப் பெரிய பள்ளிகளோடு சேர்ப்பது திட்டம். முதல் கட்டத்தில் கரட்டூரோடு சேர்த்து நாற்பது பள்ளிகள் முடிந்தன. இரண்டாம் கட்டத்துக்கு முந்நூறு பள்ளிகளின் பட்டியல் தயார், அவர் கையெழுத்துதான் பாக்கி. சட்டமன்றத்தில் ஆளுங்கட்சி பிள்ளைகளுக்காக மேசையைத் தட்டுகிறது, எதிர்க்கட்சி பிள்ளைகளுக்காக வெளிநடப்பு செய்கிறது. நடுவில் இவருக்குத் தூக்கம் போய்விட்டது.

"கரட்டூர்ப் பிள்ளைங்க என்ன ஆனாங்க?" என்று கேட்டார் குரு.

"பதினோரு பேரையும் ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்கூடத்துல சேர்த்தாச்சு. அறிக்கையில இருக்கே."

"நேர்ல பார்த்தீங்களா?"

தணிகாசலம் அறிக்கையைப் புரட்டினார்.

குரு பள்ளிக்கூடச் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார். தணிகாசலம் பின்னால் போனார்.

பூட்டிக் கிடந்த வகுப்பறைக்குள் காலை வெயில் விழுந்திருந்தது. பெஞ்சுகளில் தூசி படிந்திருந்தது. குரு வாசலில் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டை ஒருமுறை அடித்துவிட்டு, பழைய வருகைப் பதிவேட்டைத் தணிகாசலத்தின் கையில் கொடுத்தார்.

"கூப்பிடுங்க."

யாருமில்லாத அறையில் பெயர் படிக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் படித்தார்.

"கா. தர்ஷன்."

"உள்ளேன் ஐயா."

குரல் முதல் பெஞ்சிலிருந்து வந்தது. பெஞ்சில் யாரும் இல்லை. தூசிகூடக் கலையவில்லை.

குரு அடுத்த பெயரை விரலால் காட்டினார்.

"செ. மாதேஷ்."

"உள்ளேன் ஐயா."

இந்தக் குரலுக்குச் சளி பிடித்திருந்தது.

"செத்துப் போயிட்டாங்களாம்மா?" என்று கேட்டார். பயந்துவிட்டார், அதை மறைக்கவும் இல்லை.

"எல்லாம் உசுரோடதான் இருக்குதுங்க. மேல படிங்க."

படித்தார். பையன்கள் முடிந்து பெண்பிள்ளைகளின் பெயர்கள் வந்தன. ஒருத்தி பெயரை முழுதாகச் சொல்லும் முன்பே முந்திக்கொண்டு பதில் சொன்னாள். பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். பழக்க தோஷத்தில் அவருடைய பேனா ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறி போட்டுக்கொண்டே வந்தது. பத்துக் குறிகள் ஆயின.

"ந. பிரதிக்ஷா."

பதில் இல்லை.

"ந. பிரதிக்ஷா."

கடைசி பெஞ்சை எட்டிப் பார்த்தார். பத்துக் குரல்களைவிட இந்த ஒரு அமைதி அவரை அதிகமாகப் பயமுறுத்தியது. ஒன்பது வயதுப் பெண், ஆறு வேறு குறுக்கே ஓடுகிறது.

"இந்தப் பொண்ணுக்கு என்னம்மா ஆச்சு?"

குரு பதிவேட்டை வாங்கி மூடினார்.

"ஒண்ணும் ஆகலைங்க. அவ ஒருத்திதான் ஆத்துக்கு அந்தப் பக்கம் தினமும் பள்ளிக்கூடம் போறா."