காத்தாயி எடுத்த குரல்

"த்தோ... த்தோ... லுலுலுலூய்!"

கேட்டியா கண்ணு? இது வாத்தைக் கூப்பிடற சத்தம். உன் வயசுல எனக்குச் சாயங்காலம் சாயங்காலம் வாய்க்கால் கரையிலேர்ந்து கேட்கும். எத்தனையோ பாட்டு மறந்துபோச்சு. இது மட்டும் காதுக்குள்ளயே கூடு கட்டிக்கிச்சு. இதுக்கு ஒரு கதை இருக்கு. காலை நீட்டிப் படு. 'ம்' கொட்டணும், சரியா?

ஒரு ஊர்ல ஒரே ஒரு சத்தம்தான் இருந்துச்சாம்.

ம்.

ஊர் நடுவுல ஒரு கோபுரம், அதோட உச்சியில ஒரு சங்கு. பூஊஊம்! எல்லாரும் எழுந்திருக்கணும். பூஊஊம்! எல்லாரும் சாப்பிடணும். எல்லார் வீட்டுக் கதவும் சாம்பல் நிறம். செவ்வாய்க்கிழமைன்னா எல்லார் வீட்டுலயும் கத்திரிக்காய். சிரிப்புக்குக்கூட அளவு உண்டு. ஹ, ஹ, ஹ. மூணே மூணு. நாலாவதா ஒரு 'ஹ' வந்துச்சோ, ஒழுங்கு அதிகாரி ஏகாம்பரம் வந்து கதவைத் தட்டுவார். கைக்குழந்தை மட்டும் இஷ்டத்துக்கு அழலாம். அதுவும் மூணு மாசம் வரைக்கும்தான்.

"ஏன் அப்படி?"

எப்பவோ அந்த ஊர்ல பெரிய சண்டை வந்துச்சாம். ஆளுக்கொரு பேச்சு, ஆளுக்கொரு பாட்டு, அதனாலதான் சண்டைன்னு முடிவு பண்ணிட்டாங்க. எல்லாரும் ஒண்ணு போல இருந்தா சண்டையே வராதுன்னாங்க. சண்டை வரலதான். வேற எதுவுமே வரல.

அந்த ஊர்க்கோடியில காத்தாயின்னு ஒருத்தி இருந்தா. அவகிட்ட இருநூறு வாத்து. அறுப்பு முடிஞ்ச வயல்ல மேய்க்கறதுதான் அவ பொழைப்பு. குஞ்சு பொரிச்ச அன்னைக்கே நொய்யைத் தூவி, "த்தோ... த்தோ... லுலுலுலூய்"னு கூப்பிட்டுப் பழக்கிடுவா. வாத்துக்காரங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு கூப்பாடு உண்டு கண்ணு. ரெண்டு கூட்டம் ஒரே வயல்ல கலந்துபோனாலும் கவலை இல்ல. அவங்கவங்க கூப்பிட்டா அவங்கவங்க வாத்து பிரிஞ்சு வந்துடும்.

ம்.

ஆனா அந்த ஊர்ல இருந்த மத்த ரெண்டு வாத்துக்காரங்க, மாசிலாமணியும் சடையப்பனும், சொந்தக் கூப்பாட்டை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. ஏகாம்பரம் அவங்களுக்கு ஆளுக்கொரு தகர விசில் கொடுத்திருந்தார். பீ! அதான் எல்லாருக்கும் ஒரே கூப்பாடு. ஊர்க்கோடியில இருந்ததால காத்தாயி மட்டும் இத்தனை நாள் கண்ணுல படாம இருந்தா.

அப்புறம் ஒருநாள் பட்டுட்டா. ஏகாம்பரம் வயலுக்கே வந்து, அவ கையிலயும் ஒரு விசிலைக் கொடுத்தார்.

"ஊது."

பீ! ஒரு வாத்தும் திரும்பல. இருநூறு தலையும் சேத்துக்குள்ள. இருநூறு வாலும் வானத்தைப் பார்த்துக்கிட்டு நிக்குது.

"பழக்கு. ஒரு வாரம் கழிச்சு வரேன்"னுட்டுப் போனார்.

காத்தாயி கன்னம் வீங்க வீங்க ஊதினா. பீ... பீ... பீ! ஒரு வாரம் கழிச்சு அவர் வந்து நின்னப்போ ஒரே ஒரு வாத்து தத்தக்கா பித்தக்கான்னு ஓடி வந்துச்சு. வந்து அவர் செருப்பைக் கொத்திச்சு. டொக்!

ஹி ஹி. சிரி, சிரி. இங்க யாரும் எண்ணல.

அவருக்குச் சிரிப்பு வரல. "ஏ காத்தாயி, விளையாடறியா? நாளைக்கு ஏரிக்கு ஓட்டிக்கிட்டு வா. மூணு பேர் வாத்தும் ஒண்ணா இறங்கட்டும். அதுங்களைப் பார்த்து உன்னுதும் கத்துக்கும். விசிலுக்கு வரலேன்னா உன் வாத்தெல்லாத்தையும் பிடிச்சு ஊர்ப் பட்டியில அடைச்சுடுவேன். சொந்தக் குரல் எடுத்தியோ, எல்லைக்கு வெளிய அனுப்பிடுவேன்."

ம்.

மறுநாள் ஊரே ரெண்டு கரையிலயும் வரிசையா நின்னு பார்த்துச்சு. மேற்கே நல்ல மழை. ஏரி ததும்பி, மிச்சத் தண்ணி வெளிய போற கலங்கல் வழியா திடுதிடுதிடுன்னு வழிஞ்சு விழுது. அதுக்குக் கீழ பாறை. மூணு கூட்டமும் தண்ணியில இறங்கி, எது யாருதுன்னு தெரியாம கலந்துபோச்சு. அப்போ ஏகாம்பரம் கையை உயர்த்தினார்.

இந்தக் கரையில மாசிலாமணி ஊதினார். பீ! விசில் பழகின வாத்தெல்லாம் இந்தப் பக்கம் திரும்ப, காத்தாயியோடதும் கூடவே திரும்பிச்சு. அந்தக் கரையில சடையப்பன் ஊதினான். பீ! அந்தப் பக்கம் திரும்பிச்சு. ரெண்டும் ஒரே சத்தம், எங்கன்னு போகும்? நடுவுலயே சுத்திச்சு. சுத்தச் சுத்த, தண்ணி மெள்ள மெள்ள இழுத்துக்கிட்டுப் போச்சு, கலங்கல் பக்கமா.

"பலமா ஊதுங்க!"ன்னார் ஏகாம்பரம்.

பீ! பீ! பீ! இன்னும் வேகமா சுத்திச்சு.

காத்தாயி பார்த்தா. வாயைத் திறந்தா ஊர் இல்ல. திறக்கலேன்னா வாத்து இல்ல. அவ விசிலை எடுத்துத் தண்ணியில போட்டா. ப்ளக்! அப்புறம் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து...

"த்தோ... த்தோ... லுலுலுலூய்!"

இருநூறு தலையும் ஒண்ணா திரும்பிச்சு. அத்தனை கூட்டத்துக்குள்ளேர்ந்தும் நூல் உருவின மாதிரி, அவ வாத்து மட்டும் நீந்தி நீந்திக் கரையேறிச்சு. க்வாக் க்வாக் க்வாக்!

ம்! ம்!

"என்ன மாமா மரம் மாதிரி நிக்கறீங்க, கூப்பிடுங்க!"ன்னு கத்தினா மாசிலாமணியைப் பார்த்து. அவர் விசிலை விட்டெறிஞ்சார். குரல் துருப்பிடிச்சுக் கிடக்கு. இருமினார், காறினார். "ஹேய்... ஹேய்ய்... பாபாபா!" கிழட்டு வாத்து ஒண்ணு நிமிர்ந்து பார்த்துச்சு. அதுக்கு ஞாபகம் இருந்துச்சு. அது திரும்ப, மத்ததெல்லாம் அது பின்னால வந்துச்சு.

சடையப்பனுக்கு மட்டும் வரல. வாயைத் திறக்கறான், காத்துதான் வருது. "மறந்துபோச்சு"ன்னு அப்படியே உட்கார்ந்துட்டான். அப்போ கூட்டத்துலேர்ந்து அவன் பொண்டாட்டி தனக்கோடி வரிசையை உடைச்சுக்கிட்டு ஓடி வந்தா. "தினம் கேட்டவளுக்குத் தெரியாதா? தள்ளுய்யா!" கையைக் குவிச்சா. "கூரூரூ... கூ! கூரூரூ... கூ!" கடைசி வாத்து கலங்கல் விளிம்புலேர்ந்து சிறகடிச்சுத் திரும்பிச்சு.

கரையில யாரோ சிரிச்சாங்க. ஹ, ஹ, ஹ... அப்புறம் நாலாவது. அப்புறம் அஞ்சாவது. எண்ண யாருக்கும் தோணல.

ஏகாம்பரம் மட்டும் முகம் வெளுத்து நின்னார். "காத்தாயி, சட்டம் சட்டம்தான். ஒரே ஒரு தடவை 'தப்பு'ன்னு சொல்லிடு. இங்கேயே இருந்துக்கோ."

"தப்பு இல்லியே ஐயா. அது என் குரல். நீங்க அனுப்ப வேணாம், நானே போறேன். ஆனா கூப்பிட்டுக்கிட்டேதான் போவேன்."

போனா. தலை நிமிர்ந்து, இருநூறு வாத்து பின்னால வர, அத்தனை சாம்பல் கதவையும் தாண்டி, "த்தோ... த்தோ..."ன்னு கூப்பிட்டுக்கிட்டே போனா. அன்னைக்குச் சாயங்காலம் சங்கு ஊதிச்சு, யாரும் சாப்பிடப் போகல. ஒவ்வொரு வாசல்லயும் ஒரு அம்மா நின்னு, தன் பிள்ளையைத் தன் குரல்ல கூப்பிட்டா. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல.

வாத்து கரையேறிடுச்சு, கதையும் கரையேறிடுச்சு. கண்ணை மூடு.

"காத்தாயி என்ன ஆனா?"

நம்ம வாய்க்கால் கரையில குடிசை போட்டா. எண்பத்தொரு வயசு வரைக்கும் அங்கதான் வாத்து மேய்ச்சா.