உப்பளத்துப் பால்வாடிக்கு வந்த விருந்தாளி

"விழா நல்லா இருந்ததாம். நிதிதான் கிடையாதாம். இது எந்த ஊர் நியாயம்?"

பலவேசம் சார் கையிலிருந்த கடிதத்தை மேசைமேல் எறிந்தார்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தா ஒரு குழந்தைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஒரு காலத்தில் அவரிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். கட்டுரை எழுத வராது. அதற்காக அவளை எத்தனையோ நாள் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறார். இன்றைக்கு அவள் கடற்கரைத் தெருவில், மீன் கம்பெனி வேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள்.

சென்னையில் ஒரு குடும்பம் இருக்கிறது. தாத்தா பேரில் அறக்கட்டளை வைத்துக் குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் உதவுகிறவர்கள். ஜெசிந்தாவுக்கு மூன்று வருடமாகத் தருகிறார்கள். சாருக்கு இரண்டு தடவை கையை விரித்துவிட்டார்கள்.

அதனால்தான் தன் மாணவியிடமே பாடம் கேட்க வந்துவிட்டார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைப் பார்த்தால், அவருடைய பால்வாடியில் இருக்கிற இருபத்திரண்டு பிள்ளைகளும், அம்மாக்கள் உப்பு வாரி முடிக்கும்வரை, மறுபடியும் உப்பளத்து வரப்பில் உட்கார வேண்டியதுதான். தலைக்கு ஒரு துண்டு, கண்ணுக்கு உப்பின் வெள்ளை. பகல் பூராவும்.

"ஏட்டி, கடைசியா இன்னும் ஒரே ஒரு தடவ பார்க்க வாராவளாம். இதுவும் போச்சுன்னா இந்த மாசத்தோட மூட வேண்டியதுதான். என் பென்ஷன் தாங்காது. அப்படி என்னத்தத்தான் எழுதிக் குடுத்தே நீ?"

"எழுதத் தெரிஞ்சா நான் ஏன் சார் பெஞ்சுமேல நின்னேன்?"

"கிண்டல் பண்ணாத. நான் அறுபது பக்கம் எழுதினேன், தெரியுமா?"

"சரி சார், போன தடவ அவங்க வந்தப்போ என்ன செஞ்சிய?"

சாரின் முகம் மலர்ந்துவிட்டது.

"என்ன செய்யல? பந்தல் போட்டேன். மைக் வெச்சேன். பிள்ளைகள வெச்சு வரவேற்பு நடனம். அம்மாமார் ஒருத்தர் பாக்கியில்லாம வந்து, முன்வரிசையில உக்காந்து, கஷ்டத்தச் சொல்லி அழுதாவ. எனக்கே கண்ணு கலங்கிட்டு."

"ஒருத்தர் பாக்கியில்லாமலா?"

"ஒருத்தர் பாக்கியில்லாம!"

ஜெசிந்தா அடுத்த குழந்தையின் மூக்கைத் துடைக்கப் போய்விட்டாள்.

"ஏதாவது சொல்லுட்டி."

"அவங்க வார அன்னைக்குக் காலையில நானும் வாரேன். வந்து சொல்லுதேன்."

அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கே ஜெசிந்தா உப்பளத்துப் பால்வாடிக்கு வந்து இறங்கினாள்.

அடேயப்பா, கல்யாண வீடு தோற்றது! பலூன் என்ன, வாடகை நாற்காலி என்ன, வாசல் அடைத்த பேனர் என்ன. அம்மாக்கள் எல்லாரும் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆயா உலகம்மாள் பலூன் ஊதி ஊதிக் கன்னம் வீங்கியிருந்தாள். அடுப்பு இன்னும் பற்றவைக்கவில்லை.

"எப்படி?" என்றார் சார். போன தடவையைவிட ஒரு படி மேலே செய்திருக்கிறோம் என்ற பெருமை அவருக்கு.

ஜெசிந்தா முன்வரிசையில் இருந்த பேச்சித்தாயிடம் போனாள்.

"அக்கா, இன்னைக்கு உப்பு வாரப் போகலியா?"

"சார் வரச் சொன்னாவ. ஒரு நாள் கூலி போனாப் போவுது. பால்வாடி நிலைக்கணும்லா?"

"பிள்ளை எங்க?"

"இந்தா, மடியிலதான இருக்கான்."

அடுத்தவளிடம் கேட்டாள். அதற்கு அடுத்தவளிடமும் கேட்டாள். அதே பதில். திரும்பி வந்து சாரிடம் கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க."

"எந்தச் சாவி?"

"பால்வாடிச் சாவி. பூட்டிட்டு வீட்டுக்குப் போவோம்."

"உனக்கென்ன கிறுக்கா? ஒம்பது மணிக்கு அவங்க வாராவ!"

"வரட்டும். எல்லாப் பிள்ளையும் அதது அம்மா மடியில இருக்கு. இன்னைக்கு இங்க நமக்கு என்ன சார் வேலை?"



சார் மடிகளைப் பார்த்தார். காலியாகக் கிடந்த கூடத்தைப் பார்த்தார். அவமானத்தில் காது இரண்டும் சுட்டது.

"மணி என்ன?"

"ஆறே முக்கால்."

"கணக்கப்பிள்ளை எத்தனை மணிவரைக்கும் ஆள் எடுப்பாரு?"

"ஏழு மணி," என்றாள் பேச்சித்தாய்.

ஐந்தாம் வகுப்பையே நடுங்க வைத்த அந்தப் பழைய குரல் எங்கிருந்துதான் வந்ததோ!

"பிள்ளைகள விட்டுட்டு ஓடுங்கம்மா! உப்புப் பாத்திக்கு ஓடுங்க! இப்ப ஓடினாப் பிடிச்சிரலாம்!"

"அப்ப நான் பேச வேண்டாமா சார்? நேத்துப் பூரா மனப்பாடம் பண்ணினேனே," என்றாள் பேச்சித்தாய்.

"மனப்பாடத்த உப்புல கொட்டு! ஓடு!"

பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார்கள். இருபத்திரண்டும் ஒரே குரலில் அழ ஆரம்பித்தன.

ஜெசிந்தா செருப்பை மாட்டினாள்.

"ஏட்டி, இந்த நேரத்துல விட்டுட்டு எங்க போற?"

"என் பால்வாடிப் பிள்ளைக காத்துக்கிட்டு இருக்கும் சார். எட்டு மணிக்கு நான் திறக்கணும்."

ஒன்பது மணிக்குக் கார் வந்தது. அறக்கட்டளைக் குடும்பத்து அம்மாள் இறங்கினார். கூட அவர் மகன்.

மாலை போட ஆள் இல்லை. மாலையை இரண்டு வாண்டுகள் பிய்த்து ஒருவர்மேல் ஒருவர் போட்டுக்கொண்டிருந்தன. வாங்கி வைத்த பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. சார் சட்டையில் பாதிக் கஞ்சி. இடுப்பில் கைக்குழந்தை தன்ஷிகா அலறிக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அம்மாக்கள் யாரையும் காணோமே. நாலு பேரிடமாவது பேசலாம்னு நினைச்சோம்."

பழைய பலவேசம் சாராக இருந்தால் இந்தக் கேள்விக்கே உப்பளத்துக்கு ஆள் அனுப்பியிருப்பார்.

"வேலைக்குப் போயிருக்காங்கம்மா. நாலு மணிக்குத்தான் வருவாங்க," என்று சொல்லி, தன்ஷிகாவை அப்படியே அந்த அம்மாள் கையில் கொடுத்தார். "கொஞ்சம் பிடிங்க. கஞ்சி அடிப்பிடிக்குது."