தோர்பாங்குக்குப் புறப்பட்ட மடி

கோரைத்திடலில் மலை கிடையாது. ஊரைச் சுற்றி வயல், வயலுக்கு அப்பால் வாய்க்கால், வாய்க்காலுக்கு அப்பால் மறுபடியும் வயல். அந்த ஊர் ஜனங்கள் அறிந்த உயரம் பந்தல் உயரம்தான். அதையும் ஏறிப் பார்த்தவர்கள் நாலே பேர்: மருதப்பன், சாம்பமூர்த்தி, உத்திராபதி, தங்கையன். கூட்டாகப் பந்தல் தொழில் செய்கிறவர்கள். கல்யாணமோ கருமாதியோ, மூங்கில் நடுவார்கள், கீற்று வேய்வார்கள், பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். எந்த வேலையானாலும் முதலில் நாலு பேரும் கூடி உட்கார்ந்து, தீர யோசித்து, எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் தப்பாகச் செய்வார்கள்.

மருதப்பனுக்கு ஒரே தங்கை, பவுனு. அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்து, நர்ஸுக்குப் படிக்க வைத்து, அந்த மும்முரத்தில் தான் கல்யாணம் செய்துகொள்ளவே மறந்துபோனவர் மருதப்பன். பவுனு டெல்லிக்கு வேலைக்குப் போன இடத்தில் தவா என்ற நேபாளத்துப் பையனைக் கட்டிக்கொண்டு, இமயமலையில் எங்கேயோ உச்சியில் இருக்கிற தோர்பாங் என்ற அவன் ஊருக்கே குடிபோய்விட்டாள். அங்கே அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தையை மருதப்பன் போனில்தான் பார்த்திருக்கிறார். பார்க்கும்போதெல்லாம் போனைத் துண்டால் துடைத்துவிட்டுப் பார்ப்பார்.

ஒரு நாள் பவுனு கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒரு வயசு முடியறதுக்குள்ள பாப்பாவுக்குக் காது குத்தணும். தாய்மாமன் ஒன் மடியில ஒக்கார வச்சுத்தான் குத்துவேன். ஒன் மடி இங்க வந்து சேரணும். சேரலன்னா புள்ள மூளிக்காதோடவே வளரட்டும்."

மருதப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மாமன் இருக்கிறபோதே மருமகள் மூளிக்காதோடு திரிந்தால், அவர் அண்ணன் என்று இருந்துதான் என்ன பிரயோசனம்? உடனே நாற்காலிகள் அடுக்கியிருக்கிற கொட்டகையில் கூட்டம் போட்டார்.

"தங்கச்சி என்ன கேட்டுச்சு? சொன்னதை அப்படியே சொல்லு" என்றார் சாம்பமூர்த்தி. நாலு பேரில் அவர்தான் மூத்தவர். ஒருமுறை சென்னை வரைக்கும் போய்வந்தவர் என்பதால் வெளியூர் விஷயங்களில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"ஒன் மடி இங்க வந்து சேரணும்னுச்சு."

தங்கையன் மருதப்பனை மேலும் கீழும் பார்த்தான். "அண்ணே, மடி எங்க?"

மருதப்பன் குனிந்து பார்த்தார். நின்றுகொண்டிருந்தார் அல்லவா, வேட்டிதான் தெரிந்தது. மடியைக் காணவில்லை. அப்படியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தோ இருக்கு" என்றான் உத்திராபதி.

எழுந்தார், காணவில்லை. உட்கார்ந்தார், இருந்தது. மெதுவாக எழுந்து பார்த்தார். சட்டென்று எழுந்து பார்த்தார். இரண்டு விதத்திலும் அது கண்ணில் படாமல் நழுவியது.

"நிக்கறப்ப அது எங்க போவுது?" என்று கேட்டான் உத்திராபதி.

சாம்பமூர்த்தி வெகுநேரம் யோசித்தார். "எங்கயோ போய்ட்டுத் திரும்பி வருது. இது பழகின ஊரு, அதுக்கு வழி தெரியும். நேபாளத்துல போயி நீ எழுந்து நின்னன்னு வையி, பாஷை தெரியாத ஊர்ல அது எப்படித் திரும்பி வரும்?"

மருதப்பனுக்குப் பகீரென்றது. இவ்வளவு காலமும் எத்தனை அஜாக்கிரதையாக எழுந்து எழுந்து நடமாடியிருக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தார். காது குத்தி முடிகிற வரைக்கும் எழுந்திருப்பதில்லை என்று அங்கேயே முடிவு செய்தார்கள். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் இரண்டு கைகளிலும் மூங்கிலைக் கட்டி, சாமி புறப்பாடு மாதிரித் தூக்கிக்கொண்டு வந்து மினி வேனில் ஏற்றினார்கள்.

கும்பகோணத்தில் வெளியூர்ப் பயணங்களுக்கு ஏற்பாடு செய்கிற சபேசன் என்று ஒருவர் இருந்தார். நாற்காலியோடு உள்ளே வந்த மருதப்பனைப் பார்த்ததும் அவருக்கு மனசு இளகிவிட்டது.

"ஐயாவால நடக்க முடியாதா?"

"நல்லா நடப்பாரு. மடிக்காக ஒக்காந்திருக்காரு" என்றார் சாம்பமூர்த்தி.

சபேசன் அதற்குமேல் கேட்கவில்லை. வாடிக்கையாளரைக் குடைந்து கேட்பது அவர் வழக்கமில்லை. தோர்பாங் மிகவும் உயரம், அங்கே காற்று கம்மி, குளிர் ஜாஸ்தி என்று விளக்கினார்.

"ஒரே மூச்சா ஏறக் கூடாது. கொஞ்சம் ஏறணும், தங்கணும், உடம்பு பழகணும், அப்புறம் இன்னும் கொஞ்சம் ஏறணும். கூட்டத்துல யாருக்காவது மூச்சு வாங்கினா எல்லாருமே கீழ இறங்கிடணும். அதுதான் முக்கியம். துணியை அடுக்கடுக்காப் போடுங்க. ஊர்லயே ஏறிப் பழகுங்க. பழகினதும் வாங்க, டிக்கெட் போடறேன்."

இவ்வளவு தெளிவாக யாரும் அவர்களிடம் பேசியதில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் நாலு பேரும் அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்கள்.

பந்தலை விட்டால் ஊரில் ஏறுவதற்கு இருந்தது பஞ்சாயத்தின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். இரும்பு ஏணியில் நாற்காலியை ஏற்ற முடியாது. பந்தல்காரர்களுக்கு அது ஒரு பிரச்சினையா? தொட்டியைச் சுற்றி மூங்கில் சாரம் கட்டி, தட்டுத் தட்டாகப் பலகை போட்டார்கள். மேலே கப்பி மாட்டி, அதில் கயிற்றை விட்டு, மருதப்பனை நாற்காலியோடு முதல் தட்டுக்கு இழுத்தார்கள்.

அக்கினி நட்சத்திர வெயில். அடுக்கடுக்காகத் துணி என்று சொல்லியிருந்ததால் வீட்டில் இருந்த சட்டைகளை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்தார்கள். சட்டை போதாத தங்கையன் கல்யாணப் பந்தலுக்குக் கட்டுகிற ஜிகினாத் துணியைச் சுற்றிக்கொண்டான்.

மருதப்பன் முதல் தட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் சாம்பமூர்த்தி கீழேயிருந்து கேட்டார். "மூச்சு வாங்குதா?"

"இல்ல. ஒக்காந்துதான இருக்கேன்."

"உத்திராபதி, ஒனக்கு?"

இழுத்த களைப்பில் உத்திராபதிக்குப் பேச்சே வரவில்லை. தஸ்ஸு புஸ்ஸு என்றான்.

"அப்ப எல்லாரும் எறங்கணும்" என்றார் சாம்பமூர்த்தி. மருதப்பனைக் கீழே இறக்கினார்கள்.

மறுநாளும் இழுத்தார்கள், மறுநாளும் மூச்சு வாங்கியது, மறுநாளும் இறக்கினார்கள். அதற்கடுத்த நாளும் அப்படியே. ஒரு நாள் உத்திராபதிக்கு வாங்கும், ஒரு நாள் சாம்பமூர்த்திக்கே வாங்கும். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அது கோரைத்திடல், அங்கே யாரும் எதற்கும் ஆச்சரியப்படுவதில்லை.

தங்கையனுக்குத்தான் வேறொரு யோசனை வந்தது. மலையில் காற்று கம்மி என்றால் இங்கேயே கொஞ்சம் மூச்சை மிச்சம் பிடித்து வைத்தால் அங்கே உதவும் அல்லவா? அன்றிலிருந்து ஒரு மூச்சு விட்டால் அடுத்ததை விடாமல் சேமித்தான். மூன்றாம் நாள் ஜிகினாத் துணியோடு மயங்கி விழுந்தான். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "சேத்து வச்சதெல்லாம் போயிடுச்சா?" என்பதுதான்.

மருதப்பன் நாற்காலியை விட்டு எழவே இல்லை. உட்கார்ந்தே சாப்பிட்டார், உட்கார்ந்தே குளித்தார், உட்கார்ந்தே தூங்கினார். அதெல்லாம் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. குழந்தைக்கு ஒரு வயசு நெருங்கிக்கொண்டே இருந்ததும், தான் முதல் தட்டைக்கூடத் தாண்டாததும்தான் அவரை அரித்தது. சில சமயம் மடியைக் கையால் தடவிப் பார்த்துக்கொள்வார். நல்ல மடி, அகலமான மடி. இந்த மடியில் ஒரு குழந்தை உட்காராமலே போய்விடுமோ என்று நினைத்தால் அழுகை வந்துவிடும்.

ஒரு நாள் போன் வந்தது. "எங்கண்ணே இருக்க?" என்றாள் பவுனு.

"மொதத் தட்டுல இருக்கேம்மா. மூச்சு வாங்குது, இப்ப எறக்கிடுவாங்க."

"யாருக்கு வாங்குது?"

"உத்திராபதிக்கு."

பவுனுவும் அதே ஊரில் பிறந்தவள்தான். அதற்குமேல் விளக்கம் கேட்கவில்லை. "நீ அப்படியே இரு, நாங்க வர்றோம்" என்று வைத்துவிட்டாள்.

அவள் வருகிறாள் என்று மருதப்பன் சொன்னார். கூட்டம் கூடியது.

"தங்கச்சி நம்மள அழைச்சிட்டுப் போவத்தான் வருது. அதுக்குள்ள பழகி முடிக்கணும்" என்றார் சாம்பமூர்த்தி. பிறகு அவருக்கே தோன்றியது: மூச்சு விடாத ஒன்றை வைத்து இழுத்தால் மூச்சு வாங்காது. மினி வேன் மூச்சு விடுவதில்லை. கயிற்றை வேனின் பின்பக்கம் கட்டி உத்திராபதி ஓட்டினான். மருதப்பன் முதல் தட்டு, இரண்டாம் தட்டு, மூன்றாம் தட்டு என்று ஒவ்வொன்றிலும் தங்கித் தங்கிப் பழகி, ஒரு வழியாகத் தொட்டியின் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே அவர் நிம்மதியாக உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான் ஆட்டோ வந்து நின்றது. பவுனு இறங்கினாள். தவா இறங்கினான். பவுனுவின் இடுப்பில் அந்தக் குழந்தை இருந்தது. சிவந்த கன்னம், அப்பாவின் சின்னக் கண், பவுனுவின் மூக்கு.

"அண்ணே, எறங்கி வா. ஆசாரியை வரச் சொல்லியிருக்கேன். இங்கயே குத்திடலாம்."

"எறக்குங்கடா" என்று மேலேயிருந்து கத்தினார் மருதப்பன். அவர் குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

கயிற்றை விட்டார்கள். நாற்காலி ஆடி ஆடி இறங்கியது. கீழே வர வரக் குழந்தை பெரிதாகிக்கொண்டே வந்தது. தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது அது இரண்டு கையையும் நீட்டிச் சிரித்தது. மருதப்பன் அத்தனையையும் மறந்தார். துள்ளி எழுந்து, ஓடி, குழந்தையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

தங்கையன் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னான். "அண்ணே. மடி."

மருதப்பன் குனிந்து பார்த்தார். இல்லை.

உத்திராபதி வேனுக்கு அடியில் தேடினான். தங்கையன் தொட்டிக்குக் கீழே தேங்கியிருந்த தண்ணீரில் கையை விட்டுத் துழாவினான். சாம்பமூர்த்தி அண்ணாந்து உச்சியைப் பார்த்தார்.

"ஒக்காருண்ணே" என்றாள் பவுனு.

உட்கார்ந்தார். மடி இருந்தது. வேறு யாரும் யோசிப்பதற்குள் பவுனு குழந்தையை அதில் வைத்தாள். ஆசாரி குத்தினார், வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. குழந்தை வீரிட்டது. மருதப்பன் அதைவிட அதிகமாக அழுதார். அன்றைக்கு அவரைவிடச் சந்தோஷமான மனுஷன் அந்த வட்டாரத்திலேயே இல்லை.

சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது சாம்பமூர்த்தி தொண்டையைக் கனைத்தார்.

"காது குத்தினது நல்லதாப் போச்சு. ஆனா அது வேற மடி."

"வேறயா?" என்றார் மருதப்பன்.

"நீ தரையில எழுந்த, தரையில ஒக்காந்த. வந்தது தரை மடி. பாடுபட்டு ஏத்திப் பழக்கின மடி மேலயே தங்கிடுச்சு. அதுதான் பழகின எடம்."

மருதப்பன் தொட்டியை அண்ணாந்து பார்த்தார். தனக்காக வெயிலில் அத்தனை நாள் கிடந்த மடி அங்கே ஒண்டியாக இருக்கிறது என்று நினைத்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை. காலி நாற்காலியை மேலே இழுத்தார்கள். மடி ஏறிக்கொள்ளக் கொஞ்சம் அவகாசம் கொடுத்தார்கள். பிறகு ஆடாமல் அசையாமல், தட்டுத் தட்டாகத் தங்கித் தங்கி, கீழே இறக்கினார்கள்.

தவா அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். "இவங்க என்ன எறக்கறாங்க?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் பவுனுவைக் கேட்டான்.

"எங்கண்ணன் மடி" என்றாள் பவுனு.

தவா நல்ல பிள்ளை, பெண்டாட்டி ஊர் வழக்கத்துக்கு மரியாதை கொடுக்கிறவன். அவனும் போய்க் கயிற்றைப் பிடித்தான்.

பவுனு குழந்தையோடு தோர்பாங்குக்குத் திரும்பிப் போன மறுநாள், நாலு பேரும் அந்தக் காலி நாற்காலியை மூங்கிலில் தூக்கிக்கொண்டு சபேசனிடம் போனார்கள். இந்தத் தடவை மருதப்பனும் ஒரு முனையைச் சுமந்தார்.

"நல்லாப் பழகிடுச்சுங்க. டிக்கெட் போடுங்க" என்றார் சாம்பமூர்த்தி.

சபேசன் நாற்காலியைப் பார்த்தார். நின்றுகொண்டிருந்த மருதப்பனைப் பார்த்தார். "யாருக்கு?"

"ஆளு யாரும் வரலீங்க, காரியம் முடிஞ்சுபோச்சு. மடி அங்க வந்து சேரணும்னு தங்கச்சி சொல்லியிருந்துச்சு. அதை மட்டும் அனுப்பி வைக்கணும்."

சபேசன் பேனாவைக் கீழே வைத்தார். மருதப்பன் நாற்காலியில் படிந்திருந்த தூசியைத் துண்டால் துடைத்துவிட்டு, அவர் பக்கமாகக் குனிந்தார்.

"திரும்பி வர்றதுக்கும் சேத்தே போட்டுடுங்க. தங்கச்சி மறுபடி முழுகாம இருக்கு, அடுத்த புள்ளைக்கு வேணும்."