கோயம்புத்தூர் கார் புளியங்குடிக்கு வந்த விதம்

புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் பார்க்கும் பூலுடையார், கொம்பையா, சுடலை மூவரும் அண்ணன் தம்பிகள். மூவருக்கும் பெரிய மீசை. சொன்னதைச் சொன்னபடியே செய்கிறவர்கள் என்று ஊரில் பெயர். சிக்கலே அதில்தான்.

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த தங்கை கோமதிக்கு ஒன்பதாம் மாதம். ஷேர் ஆட்டோவில் குலுங்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரு கார் வாங்கிவிடலாம் என்று தேடியபோது, கோயம்புத்தூரில் திலகவதி என்ற ரிட்டயர்டு டீச்சர் தன் பழைய காரை விற்பதாகப் போனில் விளம்பரம் வந்தது. கோமதி படுத்த இடத்திலிருந்தே படித்துப் படித்துச் சொன்னாள்: வீடியோ காலில் வண்டியைச் சுற்றிப் பாருங்கள், ஓட்டிப் பாருங்கள், தெரிந்த மெக்கானிக்கை அனுப்புங்கள், வண்டி வாசலுக்கு வராமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

டீச்சர் வீடியோ காலில் காரைக் காட்டினார். மூவரும் போனை ஒரு ஸ்டூலில் நிறுத்தி, ஸ்டூலை மூன்று தடவை சுற்றி வந்தார்கள். பின்பக்கம் போனால் போனின் முதுகுதான் தெரிகிறது, காரின் முதுகைக் காணோமே என்று கொம்பையா கவலைப்பட்டான். டீச்சருக்கோ ஒரு சுவரும், அவ்வப்போது கடந்துபோகும் ஒரு மீசையும் தெரிந்தன.

அடுத்தது ஓட்டிப் பார்ப்பது. டீச்சர் போனை ஸ்டியரிங் பக்கத்தில் மாட்டிவிட்டு ஓட்டினார்; இவர்கள் பார்த்தார்கள். வளைவு வந்தபோதெல்லாம் மூவரும் பெஞ்சில் சாய்ந்தார்கள். காந்திபுரம் தாண்டியதும் சுடலை ஓடிப்போய் வாந்தி எடுத்தான்.

அவர்களுக்குத் தெரிந்த ஒரே மெக்கானிக் போர்வெல் மோட்டார் பார்க்கும் லிங்கம். அவனைப் பஸ் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாள் போனில் சொன்னான்:

"நல்ல வண்டிண்ணே. வைப்பர் சுவிட்சைத் தட்டினதும் தண்ணி வந்திருச்சு. ஆனா அழுத்தம் கம்மி, முன்கண்ணாடியைத் தாண்டல."

"வாய்க்கா வெட்டிக்கிடலாம்" என்றார் பூலுடையார்.

இவர்களோடு போராடுவதைவிட முந்நூறு கிலோமீட்டர் ஓட்டுவது சுலபம் என்று டீச்சருக்குத் தோன்றிவிட்டது. மறுநாளே காரை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். சந்து குறுகல், கார் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. பூலுடையார் பணப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"வாசலுக்கு வராமக் குடுக்கக் கூடாதுல்லா."

"சந்துக்குள்ள வண்டி நுழையாதுங்க தம்பி" என்றார் டீச்சர்.

மூவரும் தலையைச் சேர்த்து யோசித்தார்கள். கடைசியில் சுடலைதான் வழி கண்டுபிடித்தான்.

"வண்டி வாசலுக்கு வரமுடியலைன்னா, வாசலை வண்டிக்குக் கொண்டு போவோம்."

அரைமணி நேரத்தில் நிலையும் கதவுமாகப் பெயர்த்துத் தூக்கிவந்து காருக்கு முன்னால் நிறுத்தினார்கள். பூலுடையார் அந்த வாசலுக்குள் முறையாக நுழைந்து பணத்தைக் கொடுத்தார். டீச்சர் எண்ணத் தொடங்குவதற்குள் வீட்டுக்குள்ளிருந்து கோமதியின் அலறல் கேட்டது. வலி கண்டுவிட்டது. சந்து வழியாக அவளைத் தாங்கிவந்து காரில் ஏற்ற, டீச்சரே ஒரு குலுக்கல் இல்லாமல் தென்காசிக்கு ஓட்டிப் போனார். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். மூன்று அண்ணன்மாரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதார்கள்.

மறுநாள் கோமதி, முதல் வேலையாகப் போய்ப் பேரை மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டாள். அதற்கும் ஒரு விவாதம் நடந்தது.

"ஆர்.சி. புக்குல திலகவதின்னு இருக்கு. அது மாறணுமா, நாம மாறணுமா?" என்றான் கொம்பையா.

"அது கவர்மென்ட் எழுதினது. நாமதான் விட்டுக்குடுக்கணும்" என்றார் பூலுடையார்.

பணம் மூவருடையது என்பதால் ஒருவர் மட்டும் மாறினால் நியாயமில்லை என்றும் முடிவாயிற்று. வக்கீலைப் பார்த்து, பேப்பரில் விளம்பரம் கொடுத்து, அரசிதழில் பெயர் வந்து முடிய மூன்று மாதம் ஆனது.

அரசிதழ் கைக்கு வந்த அன்றுதான் குழந்தைக்குப் பெயர் வைக்கிற விசேஷம். நல்ல நேரத்தில் கொண்டு சேர்த்த டீச்சரின் பெயரையே பிள்ளைக்கு வைக்க ஆசை என்றாள் கோமதி. பூலுடையார் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"வேற பேரு பாரும்மா. வீட்டுல ஏற்கெனவே மூணு திலகவதி இருக்கோம். பிள்ளை குழம்பிப் போயிரும்."

மற்ற இரண்டு திலகவதிகளும் மீசையை நீவியபடி ஆமாம் என்றார்கள்.