குருணை தின்ற பசு

“மாடுகளை ஏம்மா இப்படிப் பட்டினி போடுறீங்க?”

கேட்டவர் நல்லபெருமாள். அரிசி மில் நடத்தியவர். மில்லைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ஞானம் தேடி ஆற்றங்கரை மடத்துக்கு வந்திருந்தார்.

மடத்தின் தலைவி உலகாம்பிகை அம்மையார். வயதில் அவருக்கு மகள் போல.

“தின்னுக்கிட்டுத்தானே இருக்கு, ஐயா” என்றார் அம்மையார்.

தொழுவத்தில் ஒரு செவலைப் பசு வைக்கோலை மென்றுகொண்டிருந்தது.

“வைக்கோல்ல என்னம்மா இருக்கு? சத்தெல்லாம் அரிசியோட போயிடுதே!”



மில்லிலிருந்து ஒரு மூட்டை குருணை அரிசி வரவழைத்தார் நல்லபெருமாள். எல்லாரும் பூசையில் இருந்த நேரம், ஒரு கூடை நிறைய அள்ளி செவலையின் முன் கொட்டினார். அது தலை நிமிராமல் தின்றது. பார்க்கப் பார்க்க அவருக்கு மனம் குளிர்ந்தது.

விடிந்தபோது செவலை எழுந்திருக்கவில்லை. பல்லை நறநறவென்று கடித்தபடி கிடந்தது. சாணம் தண்ணீராய்ப் போயிருந்தது. அசை போடும் வாய் நின்றுவிட்டது.

நல்லபெருமாள் ஓடிப்போய் நடந்ததைச் சொன்னார். அம்மையார் அவரை ஒரு வார்த்தை கடியவில்லை. மாட்டு டாக்டருக்கு ஆள் அனுப்பினார்.

டாக்டர் ஊசி போட்டார். குழாய் விட்டு சோடா உப்புக் கரைசலை உள்ளே செலுத்தினார். பிழைக்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

குருணையில் என்ன விஷம் இருந்தது என்று கேட்டார் நல்லபெருமாள்.

விஷம் எதுவும் இல்லை என்றார் டாக்டர். மாட்டின் பெருவயிற்றில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. தீனியை முதலில் தின்பவை அவைதான். அவை பக்குவப்படுத்திக் கொடுப்பதில்தான் மாடு பிழைக்கிறது. வைக்கோலைத் தின்னும் கூட்டம் மெதுவாக வேலை செய்யும். மாடும் அசை போட்டு எச்சில் ஊற்றிக்கொண்டே இருக்கும். அரிசியைத் தின்னும் கூட்டமோ மளமளவென்று பெருகிப் புளிப்பைக் கக்கும். அதை அடக்கும் அளவுக்கு எச்சில் ஊறாது. புளிப்பு மீறினால் வைக்கோல் கூட்டம் செத்துப்போகும்.

டாக்டர் சொன்னபடி, அசை போட்டுக்கொண்டிருந்த ஒரு கறவையின் வாய்க்குள் அம்மையார் கைவிட்டு, அசைக்கவளத்தை எடுத்தார். தண்ணீரில் கரைத்துச் செவலைக்குப் புகட்டினார்.

“இது எதுக்கும்மா?”

“உள்ள ஊரே காலியாக் கிடக்கு, ஐயா. குடியேத்துறோம்.”

நல்லபெருமாள் செவலையின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பெருவயிறு அசைந்தால் சத்தம் கேட்கும் என்று, இடது விலாவுக்குப் பின்னால் காதை வைத்துப் பார்க்கச் சொன்னார் அம்மையார். வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. சற்றுப் பொறுத்து மறுபடி வைத்தார். சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் தூரத்து இடிபோல ஏதோ உருண்டது.

அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். மறுபடியும் உருண்டது. செவலையின் கழுத்தில் ஒரு கவளம் மேலேறியது. வாய் அசைந்தது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அம்மா, நான் போட்ட குருணை இதுக்குப் போய்ச் சேரவே இல்லையா?”

“உள்ள இருக்கிறவங்கதான் முந்திக்கிட்டாங்களே.”

“வைக்கோல் போட்டாலும்?”

“அதுவும் முதல்ல அவங்களுக்குத்தான்.”

“அப்ப பசுவுக்குன்னு நான் என்னதான் குடுக்கிறது?”

அம்மையார் ஒரு கை வைக்கோலை உதறிப் போட்டார்.

“அசை போட அவகாசம்.”